வளர்ந்த பிள்ளைகளோடு கடல் ரிசார்ட்: எந்த மாதம், எந்தக் கரை?

தரங்கம்பாடியும் வேளாங்கண்ணியும் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது கடல் பார்க்க எதற்கு விமானம் ஏற வேண்டும் என்று வீட்டுப் பெரியவர் கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் நம் கடல் பார்க்கத்தான் லாயக்கு. ஆறுகள் கொண்டுவந்து தள்ளும் வண்டலால் நாகைக் கரையோரத் தண்ணீர் கலங்கலாகவே கிடக்கும். அலை கரையை ஒட்டி உடைந்து காலடி மணலை வாரிக்கொண்டு போகும். கண்ணாடி மாட்டித் தலையை முக்கினால் பழுப்பைத் தவிர ஒன்றும் தெரியாது. பத்தாவது முடித்த பையனும் வேலைக்குப் போகும் அக்காவும் கேட்பது வேறு: இடுப்பளவு தெளிந்த தண்ணீர், அடியில் பவளம், கண்ணெதிரே மீன்.

இங்கே ஒப்பிடுவது ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்துக்காக. அப்பா, அம்மா, பள்ளியில் ஒருவர், கல்லூரியில் ஒருவர், வேலையில் ஒருவர். புறப்படும் ஊர் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகை இவற்றில் ஏதோ ஒன்று. சின்னக் குழந்தை உள்ளவர்களுக்குச் சொல்லும் யோசனை இங்கே பெரும்பாலும் தலைகீழாகும். ரிசார்ட்டில் கிட்ஸ் கிளப் இருக்கிறதா என்பது பொருட்டே இல்லை. பிள்ளைகள் உங்களை விட்டுவிட்டு நடந்துபோய் ஒரு டீ குடிக்கத் தெரு இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

காலண்டரை முதலில் எடுங்கள்

இடத்தை முடிவு செய்துவிட்டுத் தேதி தேடுவதில்தான் பெரும்பாலான பயணங்கள் கோணலாகின்றன. ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில் விடுமுறை வருவது வருடத்தில் இரண்டே தடவை. ஒன்று, அரையாண்டுத் தேர்வு முடிந்த டிசம்பர் கடைசி வாரம். இன்னொன்று மே. அதிலும் வீட்டில் பன்னிரண்டாவது படிப்பவர் இருந்தால் நீட் தேர்வு வழக்கமாக மே முதல் ஞாயிறு, அதற்குப் பிறகுதான் மூச்சு விட முடியும். நிலம் உள்ள வீட்டில் பொங்கலை ஒட்டி நகரவே முடியாது. சம்பா அறுப்பு, மிஷினுக்குக் காத்திருப்பு, கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குக் காவல். ஜூன் 12 மேட்டூர் திறப்பு நெருங்கும்போது குறுவை வேலை ஆரம்பித்துவிடும். ஆக, மே இரண்டாம் மூன்றாம் வாரம் அல்லது டிசம்பர் கடைசி.

இந்த இரண்டுக்கும் நடுவே கடல் தலைகீழாகப் புரளுகிறது. மே பிற்பாதியில் தென்மேற்குப் பருவக்காற்று கிளம்பும்போது மேற்கைப் பார்த்த கரைகள் எல்லாம் கொந்தளிக்கும்: கோவளம், வர்க்கலை, இலங்கையின் பெந்தோட்டை, தாய்லாந்தின் புக்கெட். மாலத்தீவிலும் அப்போதுதான் மழைக்காலம் தொடங்கும். அதே நேரம் கிழக்கைப் பார்த்த கரைகள், அதாவது திருகோணமலை, பாசிக்குடா, மலேசியாவின் பெர்ஹெந்தியான், ரெடாங், எல்லாம் குளம்போலக் கிடக்கும். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை வந்ததும் கணக்கு மாறிவிடும். கிழக்குக் கரைகள் நனைந்து மூடிக்கொள்ளும், மேற்கு தெளியும்.

பலரும் வழுக்கும் இடம் அந்தமான். கேரளத்துக்குத்தான் ஜூன் 1இல் மழை என்று நினைத்து மே 22க்கு அந்தமான் டிக்கெட் எடுக்கிறார்கள். பருவமழை கேரளத்துக்கு முன்பே அந்தமான் கடலைத் தொட்டுவிடும், வழக்கமாக மே 20ஐ ஒட்டி. அந்த வாரத்துப் பேக்கேஜ் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமும் அதுதான்.

டிசம்பர் என்றால் அந்தமான்

பாஸ்போர்ட் வேண்டாம், ரூபாயில் செலவு, தண்ணீரோ உண்மையிலேயே கண்ணாடி. டெல்டாவிலிருந்து போக எளிய வழி, உழவன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறித் தாம்பரத்தில் விடியற்காலை இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம் போவது. நிலையத்துக்கு எதிரேதான் விமான நிலையம். சென்னையிலிருந்து பறக்க இரண்டேகால் மணி நேரம். தலைநகரம் போர்ட் பிளேயர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். ஹேவ்லாக் தீவு 2018 முதல் சுவராஜ் தீவு. டிக்கெட் தளங்களில் இரண்டு பெயரும் கலந்தே வரும், குழம்ப வேண்டாம்.

சுவராஜ் தீவுக்குத் தனியார் கப்பலில் சுமார் ஒன்றரை மணி நேரம், அரசுக் கப்பலில் இன்னும் கூடுதல். பயணத்தின் முதுகெலும்பு இந்தக் கப்பல்தான், முறியும் இடமும் இதுதான். காற்று எழுந்தால் ஓடாது. அதனால் கடைசி இரவைச் சுவராஜ் தீவில் வைக்காதீர்கள். முந்தின நாள் மாலையே ஸ்ரீ விஜயபுரம் திரும்பிவிட வேண்டும். காற்றுக் குப்பி மாட்டிக் கடலுக்குள் மூழ்கும் ஸ்கூபாவுக்கும் இதே கணக்குப் பொருந்தும். ஒரே ஒரு முறை மூழ்கியிருந்தால் விமானம் ஏற 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரம் இடைவெளி தேவை. உடம்பில் கரைந்த நைட்ரஜன், விமானத்துக்குள் அழுத்தம் குறையும்போது குமிழியாகக் கிளம்பும், அதுதான் ஆபத்து. ஸ்கூபாவை இரண்டாம் நாளில் வையுங்கள், கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள்.

முதல் தடவை மூழ்க நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வயது பத்து ஆகியிருந்தால் போதும், அதிகபட்ச ஆழம் 12 மீட்டர், பயிற்சியாளர் பிடியிலேயே இருப்பார். ஆனால் இறங்கும் முன் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். வீசிங், வலிப்பு, காது அறுவை சிகிச்சை என்று ஒன்றில் ‘ஆம்’ என்று எழுதினால் டாக்டர் சான்றில்லாமல் இறக்க மாட்டார்கள். வீசிங் உள்ள பிள்ளைக்கு ஊரிலேயே டாக்டரைப் பார்த்துச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். படிவத்தில் பொய் எழுதச் சொல்லும் கடை இருந்தால் அங்கே காசு கட்டாதீர்கள். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு விட்டுவிடுவதே மேல். மூக்கடைத்த நிலையில் காது அழுத்தம் சமமாகாது, மூன்று மீட்டரிலேயே வலி தாங்காது.

இந்தத் தீவில் டிசம்பர் சூரியன் மாலை ஐந்து மணிக்கே விழுந்துவிடும். கடிகாரம் இந்திய நேரம், சூரியன் பர்மா பக்கத்துச் சூரியன். காலை ஆறுக்கே கடல் வேலைகள் ஆரம்பம். பத்து மணி வரை தூங்கும் கல்லூரிப் பிள்ளைக்கு அரை நாள் போய்விடும், இரவு ஏழுக்குமேல் செய்ய ஒன்றும் இருக்காது. நான்கு இரவு வரை சரி, ஆறு வேண்டாம். முதலை எச்சரிக்கைப் பலகை வைத்த கடற்கரையில் காலைக்கூட நனைக்காதீர்கள். அங்கே உப்புநீர் முதலை நிஜமாகவே உண்டு. கிளிஞ்சல், பவளத் துண்டு பொறுக்கிப் பையில் போடுவது சட்டப்படி குற்றம், விமான நிலையச் சோதனையில் மாட்டும்.

மே என்றால் திருகோணமலை

நாம் ஏனோ இலங்கை என்றாலே பெந்தோட்டை, கொழும்பு என்று தென்மேற்குக்கே போகிறோம். மே மாதத்துக்கு அது தவறான கரை. திருகோணமலையை ஒட்டிய உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகள் அப்போதுதான் சீசனுக்குள் நுழைகின்றன. போதாததற்கு, பேச்சு மொழி நம்முடையது.

இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றல்ல. நிலாவெளி திருகோணமலை நகரத்துக்கு வடக்கே 15 கிலோமீட்டர்; நீண்ட மணல், பெரிய ரிசார்ட்டுகள், வெளியே வந்தால் வெறும் சாலை. உப்புவெளி நகரத்துக்கு நெருக்கம். கடற்கரையை ஒட்டியே சிறு விடுதிகள், காப்பிக்கடைகள், ஆட்டோ. பிள்ளைகள் பன்னிரண்டு வயதுக்குள் என்றால் நிலாவெளியைச் சொல்வோம். பதினேழும் இருபத்திரண்டும் என்றால் கட்டாயம் உப்புவெளி. சாயங்காலம் ஆறு மணிக்கு மூன்று பேரும் தனியாக நடந்து போய்விட்டு ஒன்பதுக்குத் திரும்பி வர முடிகிற இடம் அது. அந்த மூன்று மணி நேரம் பெற்றோருக்கும் விடுமுறை.

நிலாவெளிக்கு எதிரே சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி புறாத்தீவு, தேசியப் பூங்கா. கரையிலிருந்து படகு, உள்ளே போக வனஜீவராசிகள் துறை டிக்கெட். சுற்றிலும் பவளத் திட்டு, சின்னச் சுறாக்கள். கருமுனைச் சுறா மனிதரைக் கண்டால் தானே விலகிப் போகும். காலை முதல் படகிலேயே போங்கள். பத்து மணிக்குமேல் கூட்டம், அதன் பின் காற்று, தண்ணீர் கலங்கிவிடும். பவளத்தின் மேல் கால் ஊன்றினால் அது சாகும், காலும் கிழியும். அந்தக் காயம் சீக்கிரம் ஆறாது. மே முதல் ஆகஸ்ட் வரை திமிங்கலம் பார்க்கவும் படகுகள் போகின்றன. அம்மாவுக்கும் பாட்டிக்கும் கோணேசர் கோவிலும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் ஒரு முழு நாள் எடுக்கும்.

போகும் வழிகள் இரண்டு. திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம், ஒரு மணி நேரம்தான். ஆனால் கொழும்பிலிருந்து திருகோணமலை காரில் ஆறு மணி நேரம். இன்னொன்று நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து யாழ்ப்பாணத்தை அடுத்த காங்கேசன்துறைக்குக் கப்பல். 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. சுமார் நான்கு மணி நேரம். வடகிழக்குப் பருவமழையில் நிறுத்திவிடுவார்கள், மே மாதத்துக்குப் பிரச்சினை குறைவு. அங்கிருந்து திருகோணமலை காரில் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. யாழ்ப்பாணத்தில் ஓர் இரவு தங்கிப் போவதே உடம்புக்கு நல்லது. போகும்போது கப்பல், திரும்பும்போது விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் ஒரு நாள் தள்ளிப்போனால் போகும் பக்கத்தில் ஓர் இரவு விடுதிக் காசு வீணாகும், அவ்வளவுதான். திரும்பும் பக்கத்தில் தள்ளிப்போனால் லீவு முடிந்து ஆபீஸில் பதில் சொல்ல வேண்டும்.

மே மாதத்தில் புத்த பௌர்ணமியான வெசாக் வரும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி போயா விடுமுறை. அன்றைக்கு மதுக்கடை மூடியிருக்கும், அசைவமும் பல இடங்களில் கிடைக்காது, சாலையில் நெரிசல்.

திருச்சியிலிருந்து கோலாலம்பூர்

மே மாதத்துக்கு இரண்டாவது நல்ல தேர்வு இது. நேரடி விமானம் திருச்சியிலேயே இருப்பதால் சென்னைக்கு அலைச்சல் இல்லை. இந்தியருக்கு 2023 டிசம்பர் முதல் 30 நாள் வரை விசா இல்லை. இது முடிவு தேதி வைத்த சலுகை, அதனால் டிக்கெட் எடுக்கும் வாரத்தில் ஒருமுறை பாருங்கள். நுழைவு அட்டையைப் புறப்படும் முன் மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும்.

கோலாலம்பூரில் ஒரு சித்தப்பா வீடு இல்லாத டெல்டா குடும்பம் குறைவு, எனவே இரண்டு நாள் அங்கேயே போய்விடும். பிறகு கோத்தா பாருவுக்கு உள்ளூர் விமானம், அங்கிருந்து கோலா பெசுட் படகுத்துறை, படகில் பெர்ஹெந்தியான். பெரிய தீவு குடும்பங்களுக்கு, சின்னத் தீவு இளவட்டங்களுக்கு. ஐந்து பேராகப் போனால் பெரியதில் தங்குங்கள். சின்னத் தீவுக்குப் படகு டாக்ஸி உண்டு, பிள்ளைகள் பகலில் போய்வரலாம். ஏடிஎம்மை நம்பாதீர்கள், ரிங்கிட்டைக் கரையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை விடுதிகள் பெரும்பாலும் மூடிக்கிடக்கும்.

மாலத்தீவு

படத்தில் இதை அடிக்க ஆளில்லை. இந்த வயதுப் பிள்ளைகளோடு ஒரு வாரம் என்றால் நாங்கள் தலையாட்ட மாட்டோம். ஒரு ரிசார்ட், ஒரு தீவு, வேறு போக்கிடம் கிடையாது. இரண்டாம் நாள் மாலைக்குள் தீவை மூன்று சுற்று சுற்றியிருப்பார்கள்.

அறிவித்த விலைக்கும் கட்டும் விலைக்கும் உள்ள தூரத்தையும் கவனியுங்கள். 100 டாலர் பில்லில் 10 சதவீத சேவைக் கட்டணம் சேர்ந்து 110. அதன் மேல் சுற்றுலா ஜிஎஸ்டி, 2025 ஜூலை முதல் 17 சதவீதம். மொத்தம் 128 டாலர் 70 சென்ட். பசுமை வரி தனி: பெரிய ரிசார்ட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர், மக்கள் வாழும் தீவிலுள்ள சிறு விடுதியில் 6. ஐந்து பேர், நான்கு நாள் என்றால் 240 டாலருக்கு 120. கடல் விமானம் பகலில் மட்டும் பறக்கும். மாலையில் மாலே இறங்கினால் அங்கே ஓர் இரவுச் செலவு.

போயே ஆக வேண்டும் என்றால் மாஃபுஷி போன்ற மக்கள் வாழும் தீவில் விடுதி எடுங்கள். கடைத்தெரு இருக்கிறது, படகுப் பயணங்கள் மலிவு. மது கிடையாது, குளிக்கும் உடைக்கெனத் தனிக் கடற்கரை, மற்ற இடத்தில் தோளும் முழங்காலும் மறைய வேண்டும். நம் வீட்டுப் பழக்கத்துக்கு இதெல்லாம் ஒரு குறையா?

கேரளமும் மற்றவையும்

பாட்டி கூட வருகிறார், விமானம் வேண்டாம் என்றால் காரைக்கால்–எர்ணாகுளம் எக்ஸ்பிரஸ் நாகை, திருவாரூர், தஞ்சாவூர் வழியாக மாலையில் ஏற்றிக்கொண்டு காலையில் கொண்டுபோய் விடும். டிசம்பரில் மாராரி அல்லது வர்க்கலை. வர்க்கலைக் குன்றின்மேல் கடைவரிசை இருப்பதால் இளையவர்களுக்கு அது. படகு வீட்டை ஓர் இரவுக்குமேல் எடுக்காதீர்கள். ‘ஒரு நாள்’ என்பது பகல் பன்னிரண்டிலிருந்து மறுநாள் காலை ஒன்பது வரை. மாலை ஐந்தரைக்கெல்லாம் கட்டிவிடுவார்கள், மீனவர் வலை போடும் நேரம் அது. மலிவான படகில் ஏசி இரவு மட்டும். பதினாறு வயதுக்காரர் மூன்று மணிக்கே போனுக்குள் போய்விடுவார்.

புக்கெட் டிசம்பரில் அருமை, விலையும் அப்போதுதான் உச்சம். பாலி ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை உலர்ந்த பருவம், மே மாதத்துக்குப் பொருந்தும். ஆனால் நேரடி வசதி இல்லாமல் மாறிப் பறந்தால் போகவர இரண்டு நாள் போகும். ஏழு நாள் லீவு இல்லாதவர்கள் தொட வேண்டாம்.

அறை, கணக்கு, காகிதம்

ஐந்து பேருக்கு ஒரே ஃபேமிலி ரூம் என்பது பத்து வயதுப் பிள்ளைகளோடு முடிந்துபோன கதை. பல ரிசார்ட்டுகளில் 12 வயதைத் தாண்டினால் பெரியவர் கணக்கு. சாப்பாடு, படகு எல்லாம் முழு விலை. ‘எக்ஸ்ட்ரா பெட்’ என்பது பெரும்பாலும் மடக்குக் கட்டில், ஆறடிப் பையனுக்குக் கால் வெளியே தொங்கும். இரண்டு அறை எடுங்கள், உள்ளே கதவு உள்ள ‘கனெக்டிங் ரூம்’ என்று எழுத்தில் வாங்குங்கள். ‘அட்ஜாயினிங்’ என்று பதில் வந்தால் அது பக்கத்து அறை மட்டுமே, நடுவில் கதவு இராது.

உள்நாட்டில் அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், தாண்டினால் 18. ஆக 7,400 ரூபாய் அறை 7,770இல் முடியும். 7,600 ரூபாய் அறை 8,968 ஆகும். இருநூறு ரூபாய் வித்தியாசத்துக்கு ஆயிரத்து இருநூறு. இந்த விளிம்பில் நிற்கும் விடுதியில் பேசிக் குறைக்கலாம், குறைப்பார்கள்.

‘ஆல் இன்க்ளூசிவ்’ வேண்டாம். அதன் விலையில் கணிசமான பங்கு மதுவுக்கானது. குடிக்காத பெற்றோரும் சைவப் பாட்டியும் அந்தக் காசைத் தானமாகக் கொடுக்கிறார்கள். காலை உணவும் இரவு உணவும் சேர்ந்த ‘ஹாஃப் போர்டு’ போதும். மூத்த பிள்ளை விஷயத்தில் கண்ணை மூடிக்கொள்ளாமல் சட்டத்தைச் சொல்லிவிடுங்கள்: இலங்கையில் மதுவுக்கு வயது 21. மாலத்தீவுக்குள் மது கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அங்கே வேப் எனும் மின்சிகரெட்டுக்கு முழுத் தடை. 2007 ஜனவரி 1 அன்றோ அதன் பிறகோ பிறந்தவருக்குப் புகையிலையே கிடையாது, சுற்றுலாப் பயணிக்கும் சேர்த்து.

பாஸ்போர்ட்டில் சறுக்குவது எப்போதும் பள்ளிப் பிள்ளையுடையது. சிறுவயதில் எடுத்தது ஐந்து ஆண்டு அல்லது 18 வயது, எது முந்தியோ அதுவரைதான் செல்லும். திரும்பும் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் உயிர் வேண்டும். தஞ்சாவூரிலேயே சேவா கேந்திரம் இருக்கிறது. பரீட்சைக்கு முன்பே நேரம் வாங்கிவிடுங்கள். நம் இனிஷியல் பழக்கம் இன்னொரு வம்பு. ஒருவர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி, அடுத்தவருக்கு அப்பா பெயர், அம்மாவுக்குத் தாத்தா பெயர். காலியான கட்டத்தில் என்ன போடுவது என்பதற்கு ஒவ்வொரு விமான நிறுவனமும் தனி விதி வைத்திருக்கிறது. ஏஜென்ட் வாய்மொழியை நம்பாமல் அந்த நிறுவனத்தின் தளத்தில் பார்த்து நிரப்புங்கள். இலங்கைக்கு ஆன்லைனில் எடுக்கும் பயண அனுமதியான ஈடிஏவில் சண்முகத்துக்கு ஒரு ‘எச்’ விட்டுப்போனாலும் கவுண்டரில் நிற்க வைப்பார்கள். வெளிநாட்டுப் பேக்கேஜ் வாங்கினால் டிசிஎஸ் என்று விலையோடு சேர்த்து முன்கூட்டியே வரி பிடிப்பார்கள். வருமான வரி தாக்கல் செய்பவரின் பான் எண்ணில் கட்டினால் திரும்பக் கிடைக்கும்.

உடை சின்ன விஷயமாகத் தெரியும், அங்கேதான் ஒரு நாள் வீணாகும். பல ரிசார்ட் நீச்சல் குளங்களில் பருத்தி உடைக்கு அனுமதி இல்லை, நைலான் மட்டும். பருத்தி நூல் வடிகட்டியை அடைக்கும். கல்லூரிப் பெண்ணுக்கு முழுக்கையும் முழங்காலும் மறைக்கும் நீச்சல் உடையை ஊரிலேயே வாங்கிப் போட்டுப் பார்த்து எடுத்துச் செல்லுங்கள். இல்லாவிட்டால் தம்பி தண்ணீரில் இருப்பான், அக்கா ஓரத்தில் போன் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சுடிதாரோடு கடலில் இறங்குவது ஆபத்து, துப்பட்டா காலைச் சுற்றும்.

குடமுருட்டியில் எதிர்நீச்சல் போட்டவர்தான் கடலில் முதலில் மாட்டுவார். ஆற்றில் கரை எப்போதும் பக்கவாட்டில் இருக்கும். கடலில் இழுவை நீரோட்டம் நேரே உள்ளே கொண்டுபோகும். அதை எதிர்த்துக் கரையைப் பார்த்து நீந்தினால் களைத்துவிடுவார்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் சில பத்து மீட்டரில் பிடி விடும். கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டி மிதந்தபடி பார்க்கும் ஸ்நார்க்கெலிங்கில் நீச்சல் தெரிந்தவருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டுங்கள், கொக்கி மார்போடு இறுகியிருக்க வேண்டும்.

குமட்டல் மாத்திரையைக் கப்பல் ஆட ஆரம்பித்த பிறகு போட்டால் பயனில்லை. ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வெறும் வயிறும் கூடாது, நெய் வழியும் பொங்கலும் கூடாது. இரண்டு இட்லி, சட்னி இல்லாமல்.